ஆடிக் கூழும் பாட்டியின் மங்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க.

போன வருஷம் ஆடி மூன்றாவது வெள்ளி. பூஜை முடிஞ்சு, கூட்டம் கலைஞ்சு, நாங்க நாலு பேர் மண்டபத்தைக் கூட்டிக்கிட்டு இருந்தோம். குப்பைப் பையைக் கட்டலாம்னு தூக்கினா, கனக்குது. திறந்து பார்த்தேன். உள்ளே அத்தனையும் கூழ். ஒரு வாய் குடிச்சிட்டுப் போட்ட கப்பு பாதி, அந்த ஒரு வாய்கூட குறையாத கப்பு மீதி. அம்மனுக்குப் படைச்ச பிரசாதத்தைக் குப்பையில பார்க்கிறது எப்படி இருக்கும்னு தொண்டு செய்றவங்களுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் கூட்டத்துல ஒருத்தர் சொன்னார்: "இனிமே அம்மன் முன்னால ஒரு சொம்பு கூழ் வைப்போம், சம்பிரதாயம் விட்ட மாதிரி இருக்காது. சனங்களுக்கு மீகூன் போட்டுடலாம்." யாரும் எதிர்த்துப் பேசலை. எனக்குக் கோபம் வந்துச்சு, ஆனா வாயைத் திறக்க முடியலை. ஏன்னா அந்தக் கூழைக் காய்ச்சினவன்ல நானும் ஒருத்தன். நானே அன்னிக்கு முழுசாக் குடிக்கலை. பச்சை மாவு வாசனை, மேல சீனி போட்டு ஒரு தித்திப்பு. சின்னப் பிள்ளைங்க துப்பினா, அதுங்க மேல என்ன தப்பு?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நான் சின்ன வயசுல குடிச்ச கூழ் இப்படி இல்லையே!

ஸ்கூல் லீவுன்னா எங்களைப் பாட்டி வீட்டுக்கு, தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்க. லயத்து வீடு. முன்னால ஒரு திண்ணை, பின்னால விறகு அடுப்பு. எப்பவாச்சும் ஒரு நாள் காலையில பாட்டி ஒரு மண்பானையில கையை விட்டு, களிக்கட்டி ஒன்னை எடுத்து, மோர் ஊத்தி, உப்புப் போட்டு, விரலாலயே கரைப்பாங்க. நீலக் கரை போட்ட வெள்ளை மங்கு. அதுல ஊத்தி, பக்கத்துல ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். புளிப்பு நாக்குல சுருக்குன்னு ஏறும். குடிச்சு முடிச்சா வயிறு குளுகுளுன்னு இருக்கும், மதியம் வரைக்கும் பசி எடுக்காது. 1984ல பாட்டி தவறிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் கூழ் என் வாழ்க்கையில வரவே இல்லை. வீட்ல அம்மாவும் காய்ச்சினது இல்லை. அது ஏன்னு நான் கேட்டதும் இல்லை.

சரி, யாருக்குத் தெரியும்? அப்பாவோட அக்கா, என் அத்தை, 86 வயசு. மகள் வீட்டுல, தாமான்ல இருக்காங்க. கண்ணு மங்கல், ஆனா பேச்சு கணீர்னு இருக்கும். போய் விஷயத்தைச் சொன்னேன். நாங்க எப்படிக் காய்ச்சினோம்னு கேட்டாங்க. கொதிக்கிற தண்ணியில மாவைக் கரைச்சு ஊத்தி, அரை மணி நேரத்துல இறக்கினோம்னு சொன்னேன்.

அத்தை சிரிச்சாங்க. "டேய், அது கூழ் இல்லடா. மாவுக் கஞ்சி. பச்சப் புள்ளைக்கு ஊத்துவோம். கூழுக்கு ரெண்டு ராத்திரி வேணும்யா."

ரெண்டு ராத்திரி! அத்தை சொன்னதை அப்படியே எழுதறேன், யாராவது வச்சுக்கோங்க. முதல் நாள் சாயங்காலம் கேழ்வரகு மாவைத் தண்ணியில தோசை மாவு மாதிரி கரைச்சு மூடி வைக்கணும். இந்த ஊர் சூட்டுக்கு ஒரு ராத்திரி போதும், நல்லாப் புளிச்சிடும். ரெண்டு ராத்திரி விட்டா வாயில வைக்க முடியாது. மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவச்சு, அதுல புளிச்ச மாவை ஊத்தி, அடி பிடிக்காம துடுப்பால கிண்டிக்கிட்டே இருக்கணும். மாவு ஒரு கிலோன்னா நொய் கால் கிலோ. வெந்துடுச்சான்னு பார்க்க, கையைத் தண்ணியில நனைச்சுத் தொடணும், ஒட்டக் கூடாது. இறக்கி, ஆறவச்சு, மண்பானையில போட்டு இன்னொரு ராத்திரி. காலையில அது களியா இறுகி இருக்கும். அப்புறம்தான் மோரோ நீராகாரமோ விட்டுக் கரைக்கிறது. சீனி போடுற வேலையே கிடையாது. "சீனி போட்டவன் யாரு?"ன்னு அத்தை கேட்டாங்க. நான் பேச்சை மாத்திட்டேன்.

இன்னொன்னும் சொன்னாங்க, இது முக்கியம். நம்ம கோயில் ஸ்டோர்ல இருக்கே பெரிய பித்தளை அண்டா, தோட்டத்துக் கோயில்ல இருந்து லோரியில ஏத்திட்டு வந்தது, அதுல புளிச்ச மாவை வைக்கவே கூடாதாம். ஈயம் பூசாத பித்தளையில புளிப்பு பட்டா களிம்பு ஏறும், வயித்துக்கு ஆகாது. அந்தக் காலத்துல வருஷா வருஷம் ஈயம் பூசித்தான் எடுப்பாங்களாம். இப்ப ஈயம் பூசுறவருக்கு எங்க போறது? அதனால புளிக்க வைக்க மண்பானை, காய்ச்ச எவர்சில்வர்.

அத்தை பேசப் பேச எனக்கு வேற ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம சனங்க எத்தனையோ பலகாரத்தைக் கடல் தாண்டிக் கொண்டு வந்தாங்க. ஆடியில அம்மனுக்கு ஏன் இந்தக் கூழ்? அதுக்கப்புறம் கொஞ்சம் படிச்சேன், வயசானவங்க நாலு பேரைக் கேட்டேன்.

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும் ரேணுகா தேவி தீயில இறங்கினாங்க, மழை பெய்து தீ அணைஞ்சது, உடம்பெல்லாம் கொப்புளத்தோட எழுந்த தாய் வேப்பிலையைச் சுத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்து பசிக்குதுன்னு கேட்டப்போ, சனங்க கையில இருந்த மாவையும் வெல்லத்தையும் இளநீரையும் கொடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. அதுதான் கூழாச்சு. இதுல எனக்குப் பிடிச்சது ஒன்னு: தாய் பசின்னு வந்தப்போ கொடுத்தது ராஜா வீட்டுச் சாப்பாடு இல்லை. அந்த ஏழை சனங்க அன்னிக்குக் குடிக்க வச்சிருந்தது.

இதுக்குப் பின்னால நிலத்தோட கதையும் இருக்கு. எங்க கொள்ளுத்தாத்தா வட ஆற்காடு, ஆரணிப் பக்கம். அந்தப் பக்கம் ஏரித் தண்ணி பாயுற இடத்துல நெல்லு, மேட்டு நிலத்துல கேழ்வரகு, கம்பு, சோளம். நெல்லை விளைவிச்சவனே அதைத் தினமும் சாப்பிட முடியாது. குத்தகைக்கும் வரிக்கும் கடனுக்கும் போயிடும். கூலிக்காரன் தினம் குடிச்சது கூழ், தின்னது களி. நெல்லுச் சோறு தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து வந்தவங்க நெல்லு பூமிக்காரங்க, அவங்க வீட்டுக் கதை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். நான் சொல்றது எங்க பக்கத்துக் கதை.

ஆடி மாசம்னா அங்க விதைக்கிற காலம். போன வருஷத்துத் தானியம் தீர்ந்துக்கிட்டே வரும், புதுசு இன்னும் வரலை. அந்த நேரத்துல வீட்ல மிச்சம் இருக்கிறது கேழ்வரகு. அதோட விசேஷமே அதுதான். நல்லாக் காய வச்சு, குதிர்லயோ மண்ணுக்குள்ள குழியிலயோ போட்டு மூடினா, பூச்சி அரிக்காம பல வருஷம் கிடக்கும். நெல்லு அப்படித் தாங்காது. வெயிலும் காத்தும் சேர்ந்து அம்மை போடுற காலமும் கூட. வேப்பிலை வாசல்ல, கூழ் கோயில்ல. வீடு வீடாப் போய் ஆளுக்கு ஒரு படி, அரைப் படின்னு மாவு வாங்கி, ஒரே இடத்துல காய்ச்சி ஊர் முழுக்க ஊத்தினா, அடுப்பு எரியாத வீட்டுக்கும் அன்னிக்குச் சாப்பாடு. நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி.

1876ல இருந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துல சேலம், வட ஆற்காடு, கோயம்புத்தூர் எல்லாம் அடிபட்ட பக்கம். இந்தியா முழுக்க ஐம்பது லட்சத்துக்கு மேல சனங்க செத்தாங்கன்னு கணக்குச் சொல்றாங்க. நிவாரண வேலையில கல் உடைச்ச ஆம்பளைக்கு 1877ல சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயிச்ச கூலி என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோகூட இல்லை. அதே 1877லதான் லண்டன் கியூ தோட்டத்துல இருந்து ரப்பர் கன்னுங்க சிங்கப்பூருக்கு வந்து இறங்குச்சு. ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இல்லைதான். ஆனா முப்பது வருஷம் கழிச்சு அந்தப் பஞ்சத்துல தப்பினவங்களோட பிள்ளைங்க, அந்தக் கன்னுங்க வளர்ந்து பெருகின கித்தாக்காட்டுக்கு வந்து நின்னாங்க.

1907ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. தோட்ட முதலாளிங்க கட்டின பணத்துல கூலியாளுக்குக் கப்பல் செலவு. 1910ல ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினாங்க. அப்புறம் எல்லாம் கங்காணி தான். அவர் தன்னோட சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு ஆள் சேர்த்துக் கூட்டிட்டு வருவார். அதனாலதான் சில தோட்டத்துல ஒரு லயம் முழுக்க ஒரே ஊர்க்காரங்களா இருப்பாங்க, அவங்க ஊர் அம்மனும் கூடவே வந்துடும். எங்க கொள்ளுத்தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

இங்க வந்ததும் எல்லாம் தலைகீழா மாறிடுச்சு. தோட்டத்துல அரிசி. ரங்கூன்ல இருந்து வர்ற அரிசி. சம்பளத்துல பிடிச்சாலும் தினமும் சோறு! ஊர்ல பண்டிகைக்குச் சோறு, தினமும் கூழ். இங்க தினமும் சோறு, பண்டிகைக்குக் கூழ். அத்தை இதைச் சாதாரணமாச் சொல்லிட்டாங்க, நான்தான் கார் ஓட்டிக்கிட்டே வீடு வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். ஆரணியில ஏழைச் சாப்பாடா இருந்தது, கடல் தாண்டினதும் அம்மன் சாப்பாடு ஆயிடுச்சு. வருஷத்துல ஒரு தடவை ஊரை நினைச்சுக் குடிக்கிறது. இங்க ஆடின்னா ஏரியும் இல்லை, விதைப்பும் இல்லை, டுரியான் சீசன். ஆனாலும் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாவு கரைச்சாங்க.

(கேழ்வரகைப் பத்தி ஒரு வேடிக்கை. அதோட பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால அங்க இருந்து இந்தியாவுக்கு வந்துச்சாம். அதுவும் நம்மள மாதிரி கப்பல்காரன்தான்.)

அத்தை ஒன்னை மறைக்காம சொன்னாங்க, நானும் மறைக்கலை. தோட்டத்துலயும் சாதி பார்த்தாங்க. மாவு எல்லா வீட்லயும் வாங்கி ஒரே அண்டாவுல காய்ச்சுவாங்களாம், ஆனா குடிக்கும்போது தள்ளி நின்னு குடிச்ச குடும்பமும் இருந்துச்சாம். "அண்டாவுல கலந்தது, மங்குல கலக்கலை"ன்னு சொன்னாங்க. இன்னிக்கு நம்ம மண்டபத்துல அப்படி இல்லைங்கிறது எனக்கு நிம்மதி.

அடுத்தது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர்ல வந்தான், 1945ல போனான். அத்தைக்கு அவன் வரும்போது மூணு வயசு, போகும்போது ஏழு. மலாயா சாப்பிட்ட அரிசியில பெரும்பகுதி பர்மாவுலயும் சயாம்லயும் இருந்து வந்தது. போர்ல அது நின்னு போச்சு. கித்தா வாங்க ஆள் இல்லை, தோட்டத்துல வேலை இல்லை. மரவள்ளிக் கிழங்குதான் மூணு வேளையும். பாட்டி லயத்துக்குப் பின்னால கொஞ்சம் கேழ்வரகு விதைச்சிருக்காங்க. ஊர்ல இருந்து வந்த வித்து, கோயில் கூழுக்குன்னு முடிஞ்சு வச்சிருந்தது. மரவள்ளி மாவுல ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவைக் கலந்து, அதைத் தண்ணியாக் கரைச்சு நாலு பிள்ளைங்களுக்கும் ஊத்துவாங்களாம். ஆரணிக் கூழ் தினக் கூழா மறுபடியும் வந்து நின்னுச்சு.

1943 ஆரம்பத்துல தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டு போனாங்க. மூணு மாசம் வேலை, நல்ல சம்பளம்னு சொல்லித்தான் பேர் எடுத்தாங்க. 415 கிலோமீட்டர் தண்டவாளம், அந்த அக்டோபர்லயே முடிச்சிட்டான். காலராவுலயும் மலேரியாவுலயும் பட்டினியிலயும் செத்த நம்ம தோட்டத்து சனங்க பல ஆயிரம். தாத்தா திரும்பலை. எங்க செத்தார், எரிச்சாங்களா புதைச்சாங்களா, எதுவும் தெரியாது. அப்பா அப்ப கைக்குழந்தை. 1942ல பிறந்தவர், அவங்க அப்பா முகமே தெரியாது.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தும் உடனே அரிசி வந்துடலை. ரேஷன் பல வருஷம் ஓடுச்சு. பாட்டி பால் வெட்டப் போனாங்க. விடியுறதுக்கு முன்னால பெரட்டு, இருட்டுலயே மரத்துக்குப் போகணும். காலைக் குளிர்லதான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறினா நின்னுடும். பசியாற வீட்டுக்கு வர நேரம் இருக்காது. தூக்குச் சட்டியில கூழ் கொண்டு போய், வெட்டி முடிச்சதும் மரத்தடியில நின்னு குடிச்சிட்டு, பால் எடுக்கப் போயிடுவாங்க. ஆடி வந்தா கோயில்ல ஊத்துவாங்க. ஊத்தும்போது ஒரு மங்குல எடுத்துச் சாமி பக்கத்துல தனியா வைப்பாங்களாம். தாத்தா சாப்பிட்ட மங்கு அது. அதே நீலக்கரை மங்குலதான் எனக்கும் ஊத்திக் கொடுத்தாங்கன்னு அத்தை சொன்னப்போதான் எனக்குத் தெரியும்.

நாங்க தோட்டத்தை விட்டு வந்தது எண்பதுகள்ல. கித்தாவை வெட்டிட்டுச் செம்பனை, அப்புறம் அதையும் வெட்டிட்டு வீடுங்க. உங்கள்ல பாதிப் பேர் குடும்பக் கதையும் இதுதான், புதுசா நான் சொல்ல வேண்டியது இல்லை. கோயிலும் நம்ம கூடவே இந்த இடத்துக்கு வந்துச்சு. அண்டா வந்துச்சு, துடுப்பு வந்துச்சு. வீட்டு அடுப்புக்கு மட்டும் கூழ் வரலை. தாமான்ல கூழ் குடிச்சா அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? "கூழுக்கு வழியில்லாதவன்"னு திட்டுறது நம்ம பாஷையிலயே இருக்கே. ரொட்டியும் மைலோவும் வந்துடுச்சு. ஊர்ல எல்லாரும் வெட்கப்பட்டு விட்ட சாப்பாட்டை, வருஷத்துக்கு ஒரு நாளாவது அம்மன் சந்நிதிதான் விடாம வச்சிருந்தது. அதைத்தான் நாம மீகூனா மாத்தப் பார்த்தோம்.

அத்தை சொன்னபடி ஒரு தடவை செய்து பார்க்கலாம்னு மார்ச் மாசம் நாங்க அஞ்சு பேர் கோயில் பின்கட்டுல உட்கார்ந்தோம். ஒரு தம்பியை "ராகி வாங்கிட்டு வாடா"ன்னு சூப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். கையில ஒரு சின்னப் பாக்கெட்டோட வந்து நின்னான். உள்ளே வெள்ளையா வட்ட வட்டமா வில்லை. தாப்பாய் செய்யுற ஈஸ்ட்! மலாய்ல ராகின்னா அதுதானே. கடைக்காரர் கேட்டதைச் சரியாத்தான் கொடுத்திருக்கார். இனிமே கேழ்வரகு மாவுன்னு எழுதிக் கொடுக்கிறேன்.

முதல் பானை கெட்டுப் போச்சு, மூடியில ஈரத்துணி கட்டாம விட்டுட்டோம். ரெண்டாவது பானையில சரியா வந்துச்சு. காலையில மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. நான் ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போயிட்டேன். தேவாரம் வகுப்புப் பிள்ளைங்க பதினாலு பேருக்கு ஊத்தினோம். ஒன்பது பேர் முழுசாக் குடிச்சாங்க, அதுல மூணு பேர் மறுபடி கேட்டாங்க. அஞ்சு பேருக்குப் பிடிக்கலை. புளிக்குதுன்னாங்க. பரவாயில்லை, போன வருஷக் கணக்கை விட இது மேல்.

அப்பாவுக்கு ஒரு கிளாஸ் வீட்டுக்குக் கொண்டு போனேன். மோந்து பார்த்தார். மேசையில வச்சிட்டார். "நீ குடிப்பா. எனக்கு இது ஆகாது"ன்னார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கிட்டே இருந்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கம்மா எங்க நாலு பேருக்கும் ஊத்திட்டு, பானையைக் கழுவி அந்தத் தண்ணியக் குடிப்பா. நான் பார்த்திருக்கேன்." அவ்வளவுதான். அம்மா ஏன் ஒரு நாளும் வீட்ல கூழ் காய்ச்சலைன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. நான் வற்புறுத்தலை.

வாட்ஸ்அப்ல வர்றதைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து கேழ்வரகுக்கு மவுசு கூடிடுச்சு. பாட்டி வெட்கப்பட்டுக் குடிச்சதை இப்ப ஆர்கானிக் கடையில அழகான பையில போட்டு விக்கிறாங்க. சுண்ணாம்புச் சத்து நிறைய, 100 கிராம்ல 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கு, அரிசியில அதுல ஒரு துளிதான். அது உண்மை. ஆனா சர்க்கரை வியாதியே போயிடும்னு வர்றதை நம்பாதீங்க. கூழும் மாவுச்சத்துதான், மருந்தை நிறுத்திடாதீங்க.

இந்த வருஷம் ஆடி முதல் வெள்ளிக்கு முறைப்படி காய்ச்சுறதுன்னு கூட்டத்துல முடிவாச்சு. புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு மாவு கரைக்கிறோம். வியாழன் சாயங்காலம் காய்ச்சுறோம், கிண்டுறதுக்கு நல்ல கைப்பலம் உள்ளவங்க ஆறு பேர் வேணும், ஆம்பளைங்களும் வாங்க. வெள்ளி காலையில கரைக்கிறோம். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து பதம் பார்க்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. மொத்த மாவையும் கடையில வாங்கிடலாம், செலவு பெரிசு இல்லை. ஆனா பழையபடி வீட்டுக்கு ஒரு கைப்பிடி வாங்கணும்னு ஆசை. செவ்வாய்க்கிழமைக்குள்ள கோயில் அலுவலகத்துல கொடுத்திடுங்க, சலிச்சுக் கொண்டு வாங்க. சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை கொடுக்க விரும்புறவங்க வியாழன் காலையில கொடுக்கலாம். பிளாஸ்டிக் கப்பு வாங்கப் போறது இல்லை. வரும்போது உங்க வீட்ல இருந்து ஒரு மங்கோ, டம்ளரோ கொண்டு வாங்க. பழைய மங்கு யார் வீட்லயாவது பரண்ல கிடந்தா, அதையே கொண்டு வாங்க.